காலதரும் கண்ணாடிப் பலகணியும்

மனை எடுப்பார் வாயிலுக்குக் காட்டும் மதிப்பைச் சாளரத்திற்குக் காட்டுவதில்லை. வாயில்நிலை நிறுத்தும் நாளை முன்னரே குறிப்பர், உற்றாரை அழைப்பர், இனிப்பு வழங்குவர். சாளரமோ சுவர் இடுப்பளவு எழுந்த பின்னரே நினைவிற்கு வரும். எம் இல்லத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூரில் எம் பெற்றோர் மூன்று சென்று நிலத்தில் ஒரு சிறு வீடு கட்டி வருகின்றனர். வாயில்நிலை நிறுத்திய அன்று போதகர் வந்து செபித்தார். அதன் பின்னர்ச் சுவர்கள் மூன்றடி எழுந்து நின்றன. சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்ற மறுநாட் காலையில் கொத்தனார், "என்ன சன்னல் என்று சொன்னால்தான் மேலே கல் வைக்க முடியும்" என்று கூறிக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார்.

அன்று மாலை இல்லத்தில் மூன்று கருத்துக்கள் எழுந்தன. காரைக்குடிக் கடையொன்றிற் கண்ட வெண்ணிற நழுவு சன்னலே நன்றென்பது எந்தையார் எண்ணம். கறையான் அரியாது, வண்ணம் பூச வேண்டா, விலையும் கைக்கு எட்டும் என்பது அவர் கூறிய காரணம். எம் தமையனார் பொறியியல் பயின்றவர். முன்னறையின் தென்சுவர் முழுவதையும் ஒரே கண்ணாடியாக அமைத்தல் வேண்டும், இக்காலத்து வீடுகள் அவ்வாறே அமைகின்றன என்றார். எம் அப்பத்தாவோ அடுத்த தெருவில் இடித்துக் கொண்டிருக்கும் பழைய வீட்டின் தேக்குச் சன்னல்களில் இரண்டை வாங்கி வருமாறு கூறினார். தமிழ் பயிலும் பிள்ளைக்கு இதில் என்ன தெரியும் என்று கருதினார் போலும், எம்மை ஒருவரும் கேட்டிலர். அவ்வாறு கேளாமை காரணமாகவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் சொற்களைக் காண்பாம். தமிழில் இவ்வுறுப்பிற்குப் பெயர் ஒன்றல்ல. 'காலதர்' என்பது பழஞ்சொல். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆகவே காற்று வரும் வழியே காலதர். 'பலகணி' என்பது பல கண்களை உடையது. துளைகள் பொருந்திய பலகையையும் கல்லையும் நினைவூட்டுவது. 'சாளரம்' வலை எனப் பொருள்படும் வடசொல்லோடு உறவுடையது என்பர். இன்று நாவிற் பயிலும் 'சன்னல்' போர்த்துகீசியரோடு கப்பலேறி வந்தது. அவர் மொழியில் அது 'சனேலா' என்பதை ஒத்து ஒலிக்கும். தமிழ் விவிலியத்தில் தானியேல் திறந்து வைத்தது பலகணி. திருத்தூதர் பணிகளில் ஐத்திகு என்னும் இளைஞன் அமர்ந்திருந்தது சன்னல். பவுலடியார் நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருக்க, அவ்விளைஞன் உறங்கி மூன்றாம் மாடியினின்றும் விழுந்தான் என்பது வரலாறு. பிற்பகல் வகுப்பில் சாளரத்தின் அருகே இடம் பிடிக்கும் எம் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. 'விண்டோ' என்பது வடபுலத்துப் பழைய நார்சு மொழியினின்றும் வந்தது. அதன் பொருள் காற்றின் கண் என்பதாம். கடுங்குளிர் நாட்டாரும் காற்றை வைத்தே இதற்குப் பெயரிட்டனர். சிலப்பதிகாரம் புகார் நகரின் மாளிகைகளைக் கூறுமிடத்து மானின் கண்போன்ற காலதர்களைச் சுட்டுகின்றது. நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க்காலத்து நகரைக் காட்டுங்கால், வேனிலில் தென்றலைத் தரும் சாளரங்கள் வாடைக்கு அஞ்சித் தாழிடப்பட்டுக் கிடப்பதைக் கூறுகின்றார். அங்குச் சாளரத்திற்கு அடை எதுவெனின், அது தரும் காற்றேயாம். காற்று, கண், வலை என்னும் இவையே இச்சொற்களிற் பொதிந்து கிடக்கின்றன. கண்ணாடி இவற்றுள் ஒன்றிலேனும் இல்லை. எந்தையார் கடையினின்றும் கொணர்ந்த விளம்பர ஏட்டை யாம் முழுதும் புரட்டினோம். கண்ணாடியின் பருமன், சட்டத்தின் வண்ணம், ஒலி தடுக்கும் திறன், கைப்பிடியின் அழகு ஆகிய யாவும் அதில் இருந்தன. காற்று என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை.

இனிச் செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சாளரம் எத்தகையது என்று காண்பாம். எம்மூர் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு 1940-ஆம் ஆண்டுகள் வரையில், பர்மா, மலேயா, இலங்கை, இந்தோசீனம் முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் ஈட்டிய பொருளால் இவ்வீடுகளை எடுத்தனர். பர்மாத் தேக்கும், ஐரோப்பியக் கண்ணாடியும், இத்தாலியப் பளிங்கும் கடல் கடந்து வந்தன. ஆத்தங்குடித் தரைக்கல்லும் முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும் உள்ளூர்க் கைவண்ணம். யாம் அப்பத்தா கூறிய வீட்டிற்குச் சென்று, இடிப்பார் இசைவு பெற்று, முகப்பின் சாளரம் ஒன்றை ஒருநாள் முழுதும் பார்த்தோம்.

நாலங்குலத்திற்குக் குறையாத தேக்கு நிலை. அதில் நேர்நிற்கும் உருட்டிரும்புக் கம்பிகள். உட்புறமாகத் திறக்கும் கதவுகள் நான்கு, மேலிரண்டு, கீழிரண்டு. அவற்றிற்கும் மேலே, வளைவினுள், சிவப்பும் பச்சையும் நீலமுமாகிய கண்ணாடித் துண்டுகள். இவ்வளவே. ஆயின் இதனை இயக்கிப் பார்த்தாலன்றி இதன் அருமை விளங்காது. கீழ்க்கதவுகளைச் சாத்தி மேற்கதவுகளைத் திறந்து வைத்தால் தெருவிற் செல்வார் உள்ளிருப்பாரைக் காணார். காற்றோ தடையின்றி வரும். மேலவற்றைச் சாத்திக் கீழவற்றைத் திறந்தால், தரையிற் பாய் விரித்துப் படுத்தார் மேனியிற் காற்றுப் படும். உச்சிவெயிலின் கூச்சம் கண்ணிற் படாது. நான்கையும் சாத்தினாலும் வண்ணக் கண்ணாடி வழியே பகலொளி மங்கலாக இறங்கும், விளக்கேற்ற வேண்டுவதில்லை. நான்கையும் திறந்துவிட்டு உறங்கினாலும் கம்பிகள் காவல் நிற்கும். காற்று, ஒளி, காட்சி, காவல் எனச் சாளரத்திற்குத் தொழில் நான்கு. பழைய தச்சன் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வோர் உறுப்பைத் தனித்தனியே வைத்தான். ஆகவே ஒன்றை நிறுத்தி மற்றொன்றைப் பெறுதல் இயன்றது. இதுவே யாம் அன்று கற்ற பாடம்.

இதனைப் படிப்பார், யாம் பழமையைப் பாராட்டவே புகுந்தோம் என்று எண்ணற்க. அதே வீட்டின் வளவில், முற்றத்தைச் சூழ்ந்த அறைகளில் நுழைந்தபோது நண்பகலிலும் கைப்பேசியின் விளக்கை ஏற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒதுக்கப்பெற்ற அவ்வறைகளிற் பெட்டகமும் பாத்திரமும் இருந்தன. வெளிச்சுவரிற் சாளரம் இல்லை. மக்கள் பகற்பொழுதை அங்குக் கழித்தாரல்லர். பட்டாலையும், பத்தியும், திண்ணையுமே அவர்கள் வாழ்ந்த இடங்கள். அவற்றிற்குக் காற்றும் ஒளியும் தந்தது முற்றம். வெம்மையுற்ற காற்று முற்றத்தின் வழியே மேலெழும். அதன் இடத்தை நிரப்ப முகப்பினின்றும் பின்கட்டினின்றும் காற்று உட்புகும். ஒரு தெருவில் வாயிலும் மறு தெருவிற் பின்வாயிலுமாக நீண்டு கிடக்கும் அவ்வீட்டில், வாயில்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்தமையின், முன்னின்று நோக்குவார்க்குப் பின்தெரு தோன்றும். சுருங்கக் கூறின், அவ்வீட்டின் பெருஞ்சாளரம் வானை நோக்கித் திறந்த முற்றமே. சுவரிலிருந்த சன்னல்கள் அதற்கு ஏவலர்.

மூன்று சென்று நிலத்தில் முற்றம் ஏது? எம் வீட்டில் மட்டுமன்று, இந்நாளில் எழும் சிறு வீடுகள் எவற்றிலும் அஃது இல்லை. முற்றம் செய்த தொழில் முழுவதும் சாளரத்தின் தலையில் வந்து விழுந்தது. பழைய சன்னலுக்கு இருந்த பொறுப்பினும் புதிய சன்னலுக்கு உள்ள பொறுப்புப் பெரிது. அவ்வாறிருக்க, சாளரம் காற்றை மறந்து கண்ணாடியாக மாறியதும் இதே காலத்திற்றான் என்பது வியப்பிற்குரியது.

அம்மாற்றம் நிகழ்ந்த வகையைச் சிறிது கூறுவாம். குளிர்நாட்டார்க்கு ஒளி அரும்பொருள். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சாளரங்களை எண்ணி வரி விதித்தனர். வரிக்கு அஞ்சிச் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்தாரும் உளர். அடைக்கப்பெற்ற அவ்வடையாளங்கள் அந்நாட்டுப் பழைய கட்டடங்களில் இன்றும் காணப்படும். இருபதாம் நூற்றாண்டிற் காங்கிரீட்டுத் தூண்கள் பாரம் தாங்கத் தொடங்கியபின் சுவர் அச்சுமையினின்றும் நீங்கிற்று. லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞர் சுவரின் நீளம் முழுதும் ஓடும் சாளரத்தைத் தம் கொள்கைகளுள் ஒன்றாக 1920-களில் வகுத்தார். 1950-களில், உருகிய வெள்ளீயத்தின்மேற் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுப் பழுதற்ற பெருந்தகடுகளாக ஆக்கும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனத்தார் கண்டனர். அதே பத்தாண்டிற் செருமனியில் யு.பி.வி.சி. என்னும் கெட்டி நெகிழியாற் சன்னற் சட்டம் செய்யத் தொடங்கினர். நம் நாட்டில், சிறீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பெருங்கண்ணாடி எளிதிற் கிடைக்கும் பொருளாயிற்று. இதனிடையே, எம் பெற்றோரின் இளமைக் காலத்தில், சூரியனும் தாமரையும் மயிலுமாக வளைத்த இரும்புக் கிராதிகளும், சிமெண்டாலான துளைச் சன்னல்களும் எம்மூரிற் பயின்றன. அவற்றை இன்று எவரும் விரும்புவதில்லை. யாமும் அவற்றிற்காக வழக்காட வரவில்லை.

லெ கொர்புசியே சண்டிகரிலும் அகமதாபாத்திலும் கட்டடம் எழுப்ப வந்தபோது, நம் நாட்டு வெயில் அவர்க்கும் ஒரு பாடம் கற்பித்தது என்று கூறலாம். அங்கு அவர் கண்ணாடியை வெளியே நிறுத்தவில்லை. அதற்கு முன்னே ஆழ்ந்த காங்கிரீட்டு வெயில்மறைப்புக்களை நிறுத்தினார். கதிரவன் ஒளி கண்ணாடியை எளிதிற் கடக்கும். உட்சென்று தரையையும் சுவரையும் சுடச் செய்தபின், அவை உமிழும் வெம்மை அக்கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேறாது. சாதாரணத் தெளிகண்ணாடி தன்மேற் படும் கதிரவன் வெம்மையில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். பூட்டி நிறுத்திய ஊர்தியினுள் நண்பகலில் ஏறியவர்க்கு இதனை விளக்க வேண்டா. வெம்மையைத் தடுக்கும் பூச்சுடைய கண்ணாடியும், இருதகட்டுக் கண்ணாடியும் இன்று உள. அவற்றின் விலை எம் போன்றார்க்கு உரியதன்று.

கண்ணாடியினும் பெருங்கேடு நழுவுதலில் உள்ளது என்பதை யாம் கணக்கிட்ட பின்னரே அறிந்தோம். இருகதவு நழுவு சன்னலில் ஒரு கதவு மற்றொன்றின் பின் சென்று நிற்கும். எவ்வளவு முயன்றாலும் பாதியே திறக்கும். கீலில் ஆடும் கதவோ ஏறக்குறைய முழுதும் திறக்கும். நடுவணரசின் ஆற்றல் சிக்கன அலுவலகத்தார் 2018-இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் வீட்டு விதித்தொகுப்பு இவ்வேறுபாட்டை எண்ணாற் கூறுகின்றது. கீற்கதவுச் சன்னலின் பரப்பில் 90 விழுக்காடு திறப்பாகக் கொள்ளப்படும். இருகதவு நழுவு சன்னலில் 50 விழுக்காடு. முக்கதவு நழுவு சன்னலில் 67 விழுக்காடு. வெம்மையும் ஈரமும் மிக்க நிலப்பகுதிகளில், வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் வெளிநோக்கித் திறக்கும் பரப்பாக இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. அது பெருமனைகளுக்கென எழுந்தது. எம் மூன்று சென்று அதன் ஆணைக்கு உட்பட்டதன்று. ஆயினும் காற்றுக்கு மனையின் அளவு தெரியாதன்றோ?

எம் அப்பத்தாவுக்கென வகுத்த அறை பத்தடிக்குப் பத்தடி. நூறு சதுர அடி. ஆறில் ஒன்று எனின், ஏறக்குறைய பதினேழு சதுர அடி திறக்க வேண்டும். ஐந்தடிக்கு நான்கடியாகக் கடைக்காரர் காட்டிய நழுவு சன்னல் இருபது சதுர அடி, திறப்பதோ பத்து. அதே இருபது சதுர அடியைக் கீற்கதவாக அமைப்பின் பதினெட்டுத் திறக்கும். செலவிற் பெருவேறுபாடு இல்லை. சுவரில் விடும் இடமும் ஒன்றே. கொசுவலை பொருத்தினால் இரண்டிலும் காற்றுச் சிறிது குறையும். டெங்கு வந்து போகும் ஊரில் வலை வேண்டா என்று சொல்லுதற்கு எமக்குத் துணிவில்லை. ஆதலின் பாதித் திறப்பை வலையால் மேலும் குறைத்தல் தகுமா என்பதே வினா.

இக்கணக்கு எமக்கு வெறுங்கணக்காகத் தோன்றவில்லை. எம் அப்பத்தாவுக்குப் பல்லாண்டுகளாக இழைப்பு நோய் உண்டு. இப்போது யாம் குடியிருக்கும் வாடகை வீட்டில் அவர் அறைக்கு ஒரு நழுவு சன்னல். அதன் எதிரே அடுத்த வீட்டுச் சுவர். கோடை இரவுகளில் அவர் அவ்வறையில் உறங்குவதில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு வெளித்திண்ணைக்கு வந்துவிடுவார். விடியற்காலையில் யாம் படிக்க எழுந்து விளக்கைப் போடும்போது, சுவரிற் சாய்ந்து அமர்ந்தவாறே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். பழைய தேக்குச் சன்னலை அவர் கேட்டது அழகு கருதியன்று. "காத்து வராத வீட்டுல கண்ணு எப்படிப்பா மூடும்?" என்பது அவர் எந்தையாரை நோக்கிக் கேட்ட கேள்வி.

நோய்க்கும் சாளரத்திற்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டதன்று. பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் செவிலியர் பணி குறித்து எழுதிய நூலில், நோயாளி உயிர்க்கும் காற்றைத் தூயதாக வைத்தலையே முதற்கடமையாக வைத்தார். காசநோய்க்கு மருந்து காணாத காலத்தில் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து அவர்கள் 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய நலவாழ்வு மனையும் திறந்த வெளிக்காற்றை நம்பியே எழுந்தது. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி எம்மை மிகவும் வியப்பிலாழ்த்தியது. பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவில் எட்டு மருத்துவமனைகளில், சாளரங்களைத் திறந்து வைத்த அறைகளில் காற்று ஒரு மணி நேரத்திற்கு எத்துணை முறை மாறுகின்றது என்று அளந்தனர். சாளரங்கள் முழுதும் திறந்த அறைகளில் நடுத்தர அளவு 28 முறை; பொறியாற் காற்றுச் செலுத்திய அறைகளில் 12 முறை. திறந்த அறைகளுக்குள்ளும், உயர்ந்த கூரையும் பெருஞ்சாளரமும் உடைய, ஐம்பதாண்டுக்கு முற்பட்ட கட்டடங்களில் 40 முறை. புதியவற்றில் 17 முறையே. பின்னர் 2020-இற் கொரோனா பரவியபோது உலகமெங்கும் மக்கள் சாளரங்களைத் திறக்கும்படி அறிவுறுத்தப்பெற்றனர். திறக்க இயலாத கண்ணாடி மாளிகைகளில் இருந்தார் என் செய்தனரோ!

திறப்பு எவ்வளவு என்பதோடு எப்பக்கம் என்பதும் வேண்டும். இங்கு எம் தமிழ்ப் படிப்பு சிறிது கைகொடுத்தது. நம் முன்னோர் நாற்றிசைக் காற்றிற்கும் தனித்தனிப் பெயர் வைத்தனர். தெற்கினின்று வருவது தென்றல், வடக்கினின்று வருவது வாடை, கிழக்கினின்று கொண்டல், மேற்கினின்று கோடை. ஆடி மாதத்துக் கோடைக்காற்று எம்மூரிற் செம்மண் புழுதியைச் சுமந்து வரும். கார்த்திகையிற் கொண்டலும் வாடையும் மழைச்சாரலோடு வரும். ஆகவே மேற்குச் சுவரில் உயரத்தில் ஒரு சிறு திறப்புப் போதும். தென்சுவரிலும் அதற்கு எதிரான வடசுவரிலும் பெருந்திறப்பு வேண்டும். ஒரு சாளரம் மட்டும் உள்ள அறையில், எதிரே வெளியேறும் வழி இல்லையேல், வாயிலில் நின்ற விருந்தினன்போலக் காற்றுத் தயங்கித் திரும்பும். வரும் வழி தாழவும், போகும் வழி உயரவும் இருப்பின் வெங்காற்று எளிதில் நீங்கும்.

வெயிலின் வழியும் இதனோடு எண்ணற்பாலது. எம்மூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகை அளவில் உள்ளது. ஆதலாற் சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் கதிரவன் தலைக்கு நேரே நில்லாமற் சிறிது வடபாற் சாய்ந்து நிற்கும். தென்சுவர்ச் சாளரத்திற்குக் கடுங்கோடையில் வெயிலச்சம் இல்லை. மார்கழியில் தெற்கே தாழ்ந்து வரும் இளவெயிலைச் சிறு முகட்டுப் பலகையே தடுத்துவிடும். காலை மாலைகளிற் கிடையாக வரும் கீழை மேலை வெயிலுக்கோ அம்முகட்டுப் பலகை பயன்படாது; மரமோ, கதவோ, தட்டியோ வேண்டும். எம் தமையனார் விரும்பிய தென்சுவர்க் கண்ணாடி, வெயில் அளவில், அத்துணைத் தீங்குடையதன்று என்பதை இங்கு ஒத்துக்கொள்ளுகின்றோம். அது திறவாது என்பதே எம் குறை. மற்றொன்று: பகலிற் பிறர் காணாதவாறு மறைக்கும் ஆடிப்பூச்சுக் கண்ணாடி, இரவில் உள்ளே விளக்கேற்றியவுடன் அத்தொழிலை மாற்றிக்கொள்ளும். தெருவிற் செல்வார்க்கு நம் வீடு நாடக மேடையாகும்.

இக்காலத்துச் சாளர வகைகள் யாவும் இகழத்தக்கன என்று கூறோம். நெகிழிச் சட்டம் மழையிற் பருக்காது, கறையானுக்கு இரையாகாது. அதே பொருளிற் கீற்கதவும் செய்கின்றனர். மேற்பகுதி மட்டும் உட்சாய்ந்து திறக்கும் அமைப்பும் உண்டு. குறை பொருளில் இல்லை; திறக்கும் முறையிலும், கேட்டு வாங்காத நம் அறியாமையிலும் உள்ளது. இலாரி பேக்கர் அவர்கள் 1945-இல் தொழுநோயாளர் பணிக்கெனக் கிறித்தவ மிஷன் ஒன்றைச் சார்ந்து இந்தியாவிற்கு வந்த ஆங்கிலேயர். திருவனந்தபுரத்திற் பல வீடுகளையும், வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களையும் அமைத்தார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிச் சுவரையே வலையாக்கினார். கண்ணாடி, கம்பி, சட்டம், கீல் ஆகிய யாவற்றின் செலவும் ஒழிந்தது. மேலே கூறிய பலகணி என்னும் சொல்லின் பொருளை அவர் கட்டடத்திற் காணலாம். மாடிப்படியின் பக்கச் சுவருக்கு அதனையே வைப்பது என்று எம் கொத்தனாரும் ஒப்புக்கொண்டார். கல் மிச்சம் என்பது அவர் கண்ட நயம்.

பழைய சன்னல்கள் நமக்குக் கிடைத்தனவா என்று வினவுவார்க்கு விடை கூற வேண்டும். யாம் ஒருநாள் முழுதும் பார்த்த அச்சன்னலும் அதன் உடன்பிறப்புக்களும் மூன்றாம் நாள் சரக்குந்தில் ஏறின. 1942-இற் சப்பானியர் பர்மாவிற் புகுந்தபின் தொழில் சரிந்து, பின்னர் அங்குள்ள உடைமையும் கைநழுவியபின், பங்காளிகள் பலராகவும் பராமரிக்கும் பொருள் சிறிதாகவும் போன வீடுகள் இவ்வாறு கழிதல் எம் பக்கத்திற் புதிதன்று. அவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் நிற்கும். 2014-இற் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் ஒருபுறமிருக்க, கடப்பாரை ஒருபுறம் தன் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கின்றது. வாங்கிய வணிகரை எந்தையார் விலை கேட்டார். அவர் கூறிய தொகை எம் வீட்டுக் கூரைக்கு ஆகும் கம்பியின் விலையை ஒத்திருந்தது. அச்சன்னல் சென்னையில் ஓர் உணவகத்தின் உட்சுவரில், பின்னே விளக்கு வைத்து, அணியாகப் பொருத்தப்படும் என்றும் கூறினார். அதன் பின்புறம் செங்கற்சுவர் இருக்கும். நூறாண்டு காற்றுக் கொணர்ந்த கதவுகள் நான்கும் இனித் திறக்கப்படா.

அன்று மாலையே எம்மூர்த் தச்சர் ஒருவர் வந்தார். அவர் கைக்கு இக்காலத்தில் வேலை குறைவு. ஆண்டிற்கு இரண்டு மூன்று வாயில்நிலைகளே வருகின்றன என்றார். யாம் பழைய சன்னலைப் பார்த்து வரைந்த படத்தை அவரிடம் காட்டினோம். மேலிரண்டு, கீழிரண்டு கதவுகள், நேர்நிற்கும் கம்பி, மேலே கண்ணாடி. அவர் அப்படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, வேப்பமரத்திற் செய்தால் தேக்கின் விலையிற் பாதிகூட ஆகாது என்றும், வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது என்றும் கூறினார். அப்பத்தாவின் அறைக்குத் தெற்கிலும் வடக்கிலுமாக அத்தகையவை இரண்டு. உட்புறத்தே கழற்றி மாட்டும் வலை. முன்னறைக்கும் அடுக்களைக்கும் எந்தையார் விரும்பிய வெண்ணிறச் சட்டமே, ஆனாற் கீற்கதவாக. மேற்கே ஒரு சிறு திறப்பு. தமையனார்க்கு மாடி அறை எழும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அவர் இன்னும் எம்மோடு முழுதும் இணங்கினாரில்லை.

மறுநாட் காலையில் எந்தையார் கரித்துண்டால் தென்சுவரின்மீது இடத்தைக் குறித்தார். அடிமட்டம் மூன்றடியில் நிற்பதைக் கண்ட அப்பத்தா, அவ்விடத்திற் பழைய சாக்கை விரித்துத் தரையிற் படுத்துப் பார்த்தார். சுவர் தம்மை மறைக்கின்றது, காற்று மேலே போகின்றது என்றார். கொத்தனார் சற்றே முகம் சுளித்தார்; ஆயினும் ஒரு வரிசை, மற்றொரு வரிசை என மூன்று வரிசைக் கற்களைப் பெயர்த்தெடுத்தார். அப்பத்தா மீண்டும் படுத்தார். இம்முறை ஒன்றும் கூறவில்லை. சிறிது நேரத்தில் அவர் கண்ணயர்ந்ததைக் கண்டு, கொத்தனார் ஓசை எழாதவாறு கரண்டியை எடுத்துக்கொண்டு வடசுவருக்குச் சென்றார்.